மிக்ஸியா, கிரைண்டரா?

மனித வாழ்க்கையைப் புரட்டிப் போட்டது நீராவி இயந்திரம் என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். அதில் யாரும் இட்லி மாவு ஆட்டியதில்லை. நம் ஊர்ப் புரட்சி கோவையில் 1955இல் பி. சபாபதி ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் வைத்தபோது தொடங்கியது. அதுவரை கல் சும்மா உட்கார்ந்திருக்கும், குழவியை மருமகள்கள் சுற்றுவார்கள். கிரைண்டரில் குழவி நின்றது, கல் சுற்றியது. சூரியனை நிறுத்திப் பூமியைச் சுற்றவிட்ட கோப்பர்நிக்கஸுக்குப் பிறகு இதுதான் பெரிய கலகம். “கையால ஆட்டின ருசி வருமா?” என்று மாமியார்கள் கேட்டார்கள். ஆட்டியது அவர்கள் கை இல்லையே!

ஆனால் கிரைண்டர் காசுள்ள வீடுகளோடு நின்றுவிட்டது. அதை ஏழை வீட்டுக்குக் கொண்டுபோன பெருமை, கதீட்ரல் சாலைக்கு வடக்கே கோபாலபுரம், தெற்கே போயஸ் தோட்டம் என்று வாழ்ந்த இரண்டு அண்டை வீட்டாரின் போட்டியைச் சேரும்.

2006இல் கோபாலபுரத்தார் இரண்டு ரூபாய் அரிசியோடு இலவச கலர் டிவியையும் அறிவித்து ஜெயித்தார். அண்ணா பிறந்தநாளில் விநியோகம் தொடங்கியது. ஐந்து வருடத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் பெட்டிகள். பெட்டி இலவசம், கேபிள் கைக்காசு. எல்லோரும் சீரியல் பார்த்தால் மாவை யார் ஆட்டுவது? 2011 தேர்தல் அறிக்கையில் அதற்கும் வழி சொன்னார்: மிக்ஸி அல்லது கிரைண்டர், ஏதாவது ஒன்று.

சட்னி வேண்டுமா, இட்லி வேண்டுமா என்று தமிழனிடம் கேட்கலாமா? போயஸ் தோட்டத்து அம்மையார் யோசிக்கவே இல்லை. மிக்ஸியும் உண்டு, கிரைண்டரும் உண்டு, சாப்பிடும்போது காற்று வாங்க டேபிள் ஃபேனும் உண்டு. ஆட்சி மாறியது. (2ஜியும் மின்வெட்டும் கொஞ்சம் கைகொடுத்தன என்பார்கள் விவரமானவர்கள்.) ஜூன் மாதமே அரிசியும் இலவசம். உளுந்துக்கு மட்டும் அப்போதும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. மறுபடி அண்ணா பிறந்தநாள், மறுபடி விநியோகம். பாவம் அண்ணா, அவர் பிறந்தநாளுக்கு ஊருக்கெல்லாம் பரிசு.

இந்த இலவசங்களை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி தேர்தல் முறைகேடு ஆகாது என்று 2013இல் தீர்ப்பு வந்தது.

சாமான்கள் வந்தன, கரண்ட்தான் வரவில்லை. 2012இல் சென்னைக்குத் தினம் இரண்டு மணி நேர வெட்டு. மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல். மிச்ச நேரத்தில் ஒரே பிளக் பாயிண்டில் மாவா, சீரியலா என்று மாமியாரும் மருமகளும் போட்ட சண்டையில் இரண்டு கட்சியும் நடுநிலை வகித்தன.