ஹை ஆஸ்பெக்ட் ஆசாமி

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லண்டுக்குக் கிழக்கே நூறு கிலோமீட்டரில், ஹூட் ரிவர் என்று ஒரு சிற்றூர். கோடையில் உள்நாட்டு வறண்ட நிலம் கொதிக்கக் கொதிக்க, கடலோரக் குளிர்காற்று கொலம்பியா ஆற்றின் மலையிடுக்கு வழியே பிய்த்துக்கொண்டு வரும். ஆறு மேற்கே ஓடுகிறது. காற்று கிழக்கே அடிக்கிறது. இரண்டும் முட்டிக்கொள்வதில் நட்டாற்றில் கடல் மாதிரி அலை எழும்பும். விங் ஃபாயில் ஆடுகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்? கையில் காற்றடைத்த துணி இறக்கை, காலடியில் பலகை, பலகைக்குக் கீழே முக்கால் மீட்டருக்கு மாஸ்ட், அதன் அடியில் தண்ணீருக்குள் ஒரு கார்பன் இறக்கை. வேகம் பிடித்ததும் பலகை தண்ணீரை விட்டு எழும்பிவிடும், ஆள் பறப்பார்.

நம் ஆசாமியும் பறப்பார். வண்டி நிறுத்துமிடத்தில் வேலை முடியட்டும்.

மற்றவர்கள் கார்பன் இறக்கையை உறைக்குள் பத்திரமாக வைத்திருப்பார்கள். இவர் உறையைக் கழற்றி, போகிறவர் வருகிறவர் முழங்காலில் இடிக்கும்படி வேனின் வாசலில் சாய்த்து வைத்திருப்பார். புதியவர் ஒருவர் வந்து நின்றால் பேர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. ஜாதகம் பார்க்கிற தோரணையில், “ஆஸ்பெக்ட் எத்தனை?” என்பார்.

கணக்கு எளிதுதான். இறக்கையின் நீளத்தை நீளத்தாலேயே பெருக்கிப் பரப்பளவால் வகுக்க வேண்டும். நூறு சென்டிமீட்டர் நீளம், ஆயிரம் சதுர சென்டிமீட்டர் பரப்பு என்றால் ஆஸ்பெக்ட் 10. அதே பரப்பு, எழுபது சென்டிமீட்டர் நீளம் என்றால் 5-கூடத் தேறாது. 5-காரரை அவர் ஏளனம் செய்ய மாட்டார், அனுதாபப்படுவார். அது இன்னும் மோசம்.

அவர் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இறக்கைக்குக் கீழே அழுத்தம் அதிகம், மேலே குறைவு. கீழ்த்தண்ணீர் நுனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறப் பார்ப்பதில் சுழல் உண்டாகிறது. சுழல் பின்னுக்கு இழுக்கிறது. நீண்டு ஒடுங்கிய இறக்கையில் இந்த இழுவை குறைவு. ரைட் சகோதரர்களின் 1901 கிளைடருக்கு இறக்கை 22 அடி நீளம், 7 அடி அகலம். எதிர்பார்த்த அளவு தூக்கவில்லை. ஒரு மரப்பெட்டியில் காற்றை ஊதிச் சோதனை செய்துவிட்டு, 1902-இல் 32 அடி நீளம், 5 அடி அகலத்துக்கு மாறினார்கள். நம்மவர் இதைத் தாமே நேற்று ராத்திரி கண்டுபிடித்தது போலச் சொல்வார். அல்பட்ராஸ் பறவையையும் கட்டாயம் இழுப்பார். அதுவும் தரையிலிருந்து கிளம்ப மூச்சு வாங்க ஓடியாக வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடுவார்.

இப்போது அவர் கார்பன் இறக்கைக்குப் பின்னால் இருக்கும் குட்டிப் பின்னிறக்கையைக் கழற்றுகிறார். அதன் சாய்வை மாற்ற ‘ஷிம்’ என்கிற ஒரு சின்னஞ்சிறு ஆப்பு; நகத்தளவு கனம்கூடக் கிடையாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறார். “அரை டிகிரி!” ஆப்பைச் செருகியதும், 400 நம்பர் உப்புத்தாளை நனைத்துக்கொண்டு பின்விளிம்பைத் தேய்க்கிறார். தண்ணீருக்குள் இறக்கை ‘ங்ங்ங்’ என்று ரீங்காரமிடுகிறதாம். நாலு தேய்ப்பு; கண்ணை மூடி விரலால் ஒரு தடவல்; மறுபடி நாலு தேய்ப்பு. பக்கத்தில் வேன் நிறுத்தியவர்கள் இதற்குள் ஒரு சுற்றுப் போய்வந்து சாண்ட்விச் தின்கிறார்கள்.

ஒருவழியாக ஆற்றில் இறங்குகிறார். ஒடுங்கிய இறக்கை லேசில் எழும்பாது. வேகம் வேண்டும், அதற்குக் காற்று வேண்டும். கிளம்பிவிட்டாலோ நிற்காது. திரும்புவது இன்னும் கஷ்டம்: சட்டென்று சாய்த்தால் நீள இறக்கையின் ஒரு நுனி தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்க்கும், காற்று உள்ளே புகும், தூக்குவிசை போய்விடும், ஆசாமி தலைகுப்புற. ஆகவே திரும்பாமல் நேராகவே போகிறார். எதிர்க்கரை வாஷிங்டன் மாநிலம். ஒரு மாநிலத்தில் கிளம்பி இன்னொன்றின் வாசலில்தான் அவருக்குத் திரும்ப வரும். நடுவில் கோதுமை ஏற்றிய பார்ஜ் வந்தால் அதற்குத்தான் வழிவிட வேண்டும். அதுவும் சட்டென்று திரும்பாத ஜாதி.

அதே நேரத்தில், குட்டையும் தடியுமான பழைய இறக்கை ஒன்றை மாட்டிக்கொண்டு ஒரு பொடியன் அலைக்கு அலை வளைந்து நெளிந்து விளையாடிக்கொண்டிருக்கிறான். அந்த இறக்கை போன மே மாதம்வரை யாருடையது என்று ஆற்றங்கரையே அறியும்.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சாயங்காலம் காற்று திடீரென்று ஓய்ந்துவிடும். பொடியன் உள்பட அத்தனை பேரும் தொப் தொப்பென்று தண்ணீரில் உட்கார்ந்து, பலகையின்மேல் குப்புறப் படுத்துக் கையால் துழாவிக்கொண்டு வருவார்கள். அப்போது இவர் மட்டும், துணி இறக்கையை ஒரு கையில் தொங்கவிட்டு, முழங்காலை மடக்கி மடக்கி உந்திக்கொண்டு, சத்தமே இல்லாமல் அவர்களைக் கடந்து போவார். பார்க்கப் பொறாமையாக இருக்கும். கரையேறியதும், “சத்தம் கேட்டதா?” என்று எல்லோரிடமும் கேட்டு அதைக் கெடுத்துவிடுவார்.

இறக்கை மாற்றிக்கொண்டே இருப்பதில் வீட்டில் பிரச்சினை இல்லை. எல்லா இறக்கையும் கறுப்பு. “பழசுதான்” என்றால் முடிந்தது.

ஹூட் ரிவர் பக்கம் போய் இந்த விளையாட்டைக் கற்க நினைப்பவர்கள் கடையில் புது இறக்கை வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம். ஆசாமியைத் தேடுங்கள். அல்பட்ராஸ் வரை பொறுமையாகக் கேளுங்கள். பிறகு, “போன மாசம் ஓட்டினீங்களே, அதை என்ன செய்யப் போறீங்க?” என்று மெதுவாக ஆரம்பியுங்கள். பேரம் படியும், அடுத்ததற்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது.