விஞ்ச்சா, படிப்பாதையா?

கேள்வி: ரவுடியைப் பிடித்தோமா, உள்ளே தள்ளினோமா என்றில்லாமல் வாய்தா, ஜாமீன் என்று எதற்கு இத்தனை இழுவை? (வாசகர், பழனி)

பதில்: ஹெர்பர்ட் பேக்கர் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் 1964-லேயே இதை இரண்டாகப் பிரித்துவிட்டார். குற்றத்தை ஒடுக்குவதே முதல் வேலை என்பது ஒரு கட்சி. நிரூபிக்கும்வரை தொடாதே என்பது மறு கட்சி. உங்கள் பழனி மலைக் கணக்கில் முன்னது விஞ்ச், பின்னது படிப்பாதை. விஞ்ச் நம்மிடமும் உண்டு: 1982-ஆம் வருடத்துக் குண்டர் சட்டம். கோர்ட் விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். வேகம் பிரமாதம்தான். ஆனால் 2020-ல் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகப் போலீஸ் பிடித்துப்போன ஜெயராஜும் பென்னிக்ஸும் ரவுடிகள் இல்லையே! அப்பாவும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லை. இன்னொன்று: ஸ்டேஷன் பாத்ரூமில் கைதிகள்தான் வழுக்கி விழுகிறார்கள். மாவுக்கட்டோடு ஒரு ஏட்டையாகூட இதுவரை போட்டோவுக்கு நின்றதில்லை.