ஓடும் எழுத்துக்கு ஓர் அம்புக்குறி

அனுப்புநர்:
வெப் டிசைனிங் மாணவன், மாலை பேட்ச்.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
கணினிப் பயிற்சி மையம்,
பேக்கரி மாடி, பேருந்து நிலையம் எதிரில்.

பொருள்: பயிற்றுநர் வேலைக்கு அழைத்தமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

பார்வை: தாங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய 14 விநாடிக் குரல் செய்தி.

ஐயா,

'100% வேலை உறுதி' என்று நீங்கள் பிளெக்ஸ் போர்டில் போட்டிருந்ததை ஊரே சந்தேகப்பட்டது. நான் நம்பினேன். நம்பிக்கை வீண்போகவில்லை. ஆறு மாதப் படிப்பு முடிந்த கையோடு, நான் படித்த அதே பாடத்தை உங்கள் மையத்திலேயே அடுத்த பேட்ச்சுக்கு நடத்த அழைத்துவிட்டீர்கள். சம்பளம் மாதம் 6,000 ரூபாய். மூன்று தவணையில் நான் கட்டியது 18,500. மூன்று மாதம் வேலை பார்த்தால் 18,000 திரும்பிவிடும். ஆக, ஆறு மாதப் படிப்பை வெறும் 500 ரூபாய்க்கு முடித்தவன் ஆவேன். இப்படிக் கணக்குப் பார்க்கவும் உங்களிடம்தான் கற்றேன்.

பதில் சொல்வதற்கு முன், உங்களால் அடைந்த நன்மைகளைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, கையெழுத்து. ஆறு மாதத்தில் கணினியில் தட்டியதைவிட ரெக்கார்டு நோட்டில் எழுதியதே அதிகம். வலது பக்கம் கோடு போட்ட தாளில் நீல மையில் நிரல். இடது பக்கம் வெள்ளைத் தாளில் 'அவுட்புட்', ஸ்கெட்ச் பேனாவில் வரைய வேண்டும். எல்லாம் சரியாகத்தான் போனது, 'மார்க்கீ' பாடம் வரும்வரை. திரையில் வலமிருந்து இடமாக ஓடும் எழுத்தைத் தாளில் எப்படி வரைவது? வகுப்பே திகைத்து நின்றது. "பக்கத்தில் ஓர் அம்புக்குறி போடுங்க, ஓடுதுன்னு புரிஞ்சுக்குவாங்க" என்றார் சார். போட்டோம். பத்துக்கு ஒன்பது மதிப்பெண். அம்புக்குறியை ஸ்கேல் வைத்துப் போடாததால் ஒன்று குறைந்தது. அந்த மார்க்கீயையே, வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் தரநிலை இப்போது 'வழக்கொழிந்தது, பயன்படுத்தக் கூடாது' என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. அம்புக்குறிக்கு மட்டும் இன்னும் தடை வரவில்லை.

இரண்டாவது, வரலாற்றறிவு. எழுத்துக்கு நிறம் கொடுக்க 'ஃபான்ட்' என்ற குறியைப் பத்து நாள் பயின்றோம். 1997இல் வந்த எச்டிஎம்எல் 4 அதைக் கைவிட வேண்டியவற்றுள் சேர்த்தது. அப்போது நான் பிறக்கவே இல்லை. டேபிளுக்குள் டிஆர், டிஆருக்குள் டிடி, டிடிக்குள் இன்னொரு டேபிள் என்று சம்புடத்துக்குள் சம்புடம் வைத்துப் பக்கம் கட்டினோம். பிளாஷில் பந்து துள்ள வைத்தோம். 2020 டிசம்பர் 31இல் அடோபி அந்தப் பந்தை நிறுத்திவிட்டது யாருக்கும் உறைக்கவில்லை. 2022 ஜூன் 15இல் மைக்ரோசாஃப்ட் விடைகொடுத்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில்தான் இறுதித் தேர்வு. கீழடியில் அகழ்வாராய்ச்சிக்கு ஆள் எடுத்தால் எங்கள் பேட்ச்சைப் பரிசீலிக்கலாம்.

இத்தனைக்கும் நடுவில் சிஎஸ்எஸ் என்றொரு சங்கதி உண்டு என்று கேள்விப்பட்டோம். பக்கத்தின் தோற்றத்துக்கென்றே 1996இலிருந்து இருக்கும் மொழி அது. கடைசி வகுப்பில் சார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அது சும்மா பெயின்ட் அடிக்கிற வேலை, வீட்டிலே பழகிக்குங்க" என்றார். ஜாவாஸ்கிரிப்ட் எங்கே என்று கேட்டதற்கு, "ஜாவா கோர்ஸ் சேருங்க, அது தானா வரும்" என்றீர்கள். பெயர்ப் பொருத்தம் மட்டும் பார்த்துச் செய்கிற கல்யாணம் ஐயா அது. இரண்டும் வேறு வேறு மொழிகள். ஒன்றைப் படித்தால் மற்றது சீதனமாக வராது.

மூன்றாவது, புலனடக்கம். வலைத்தளம் செய்யக் கற்றுத்தரும் ஆய்வகத்தில் இணையம் இருந்தது ஒரே கணினியில். அது சாருடையது. மற்றவற்றில் இரண்டு பேருக்கு ஒரு சிஸ்டம். செருப்பை வெளியே விட வேண்டும். சுவரில் ஒரு சட்டம் ஒட்டியிருந்தது: 'ரைட் கிளிக் செய்யாதீர்கள்.'

இந்தப் புலமையோடு என் முதல் வாடிக்கையாளரிடம் போனேன். அவர் என் பெரியப்பா, அரிசி மண்டி வைத்திருப்பவர். மூன்று நாளில் தளத்தை முடித்து இணைப்பை அனுப்பினேன். போனில் திறந்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "டேய் தம்பி, அரிசிக் கடைன்னுதானே சொன்னேன்? அதுக்காக அரிசியிலேயே எழுதிட்டியா?"

'வியூபோர்ட்' என்ற ஒற்றை வரி இல்லாவிட்டால், போன் தன்னை ஏறக்குறைய 980 பிக்சல் அகலத் திரையாகப் பாவித்து, முழுப் பக்கத்தையும் சுருக்கிக் காட்டும் என்று பின்னால்தான் தெரிந்தது. திரைக்கேற்ப வளைந்துகொடுக்கும் வடிவமைப்புக்கு ஈத்தன் மார்காட் 2010இலேயே பெயர் வைத்துவிட்டார். நம் மையத்துக்கு வரும் எல்லோரிடமும் போன் இருந்தது. ஆனால் ஒரு நாளும் ஒரு பக்கத்தையும் அதில் திறந்து பார்த்ததில்லை. போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவீர்கள்.

பெரியப்பா இரண்டு விரலால் பக்கத்தை விரித்தார். தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. "இது கடையா, கல்வெட்டா?" என்றார். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யச் சொல்லித் தந்தீர்கள். அந்த எழுத்துரு உங்கள் ஆய்வகத்தில் இருக்கிறது. பெரியப்பாவின் போனில் இல்லை. யூனிகோடில் தமிழுக்கென்று 128 இடங்களோடு தனி மனையே 1991இல் ஒதுக்கியாயிற்று. நாம்தான் இன்னும் வாடகை வீட்டில் இருக்கிறோம்.

அன்றிரவு, ஆறு மாதமாக அடக்கி வைத்த பாவத்தைச் செய்தேன் ஐயா. வேறொரு கடையின் தளத்தைத் திறந்து ரைட் கிளிக் செய்தேன். சிஸ்டம் கெடவில்லை. 'வியூ பேஜ் சோர்ஸ்' என்றொரு வரி வந்தது. அழுத்தினால், பக்கத்தின் எச்டிஎம்எல் முழுவதும் கண்முன் விரிந்தது. சமையலை ருசித்தவனைச் சமையலறைக்கும் கூட்டிப்போகிற ஊர் அந்த வலையுலகம். 'இன்ஸ்பெக்ட்' அழுத்தினால் எந்தக் கரண்டி எங்கே தொங்குகிறது என்பதும் தெரிந்தது. எம்டிஎன், ஃப்ரீகோட்கேம்ப் என்ற தளங்கள் காசு கேட்காமல் பாடம் சொல்லக் காத்திருந்தன. 1993 ஏப்ரல் 30இல் செர்ன் ஆய்வகம், டிம் பெர்னர்ஸ்-லீ அங்கே உருவாக்கிய வலையின் மென்பொருளை உலகத்துக்கே பொதுவில் விட்டதாம். கண்டுபிடித்த இடத்தில் 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்றார்கள். நீங்கள் தந்த ஜெராக்ஸ் குறிப்பில் பக்கத்துக்குப் பக்கம் 'நகல் எடுப்பது குற்றம்' என்று முத்திரை இருக்கிறது.

ஐந்து வாரம் கழித்துத் தளம் பெரியப்பாவின் போனில் ஒழுங்காக நின்றது. தமிழ் தமிழாகவே வந்தது. மனம் குளிர்ந்து 26 கிலோ பொன்னிச் சிப்பம் ஒன்றை இறக்கிவிட்டுப் போனார். 'நல்ல பேக்கேஜ்' கிடைக்கும் என்று சேரும்போது சொன்னீர்களே, அது இதுதான் போலிருக்கிறது.

இனி உங்கள் அழைப்புக்கு வருகிறேன். சேருவதற்கு முன் மையத்தைப் பற்றித் தெரிந்துகொள்வது முறை என்பதால், உங்கள் வலைத்தளத்திலும் ரைட் கிளிக் செய்தேன். இலவச டெம்ப்ளேட். அதில் தவறில்லை, ஆனால் தலைப்பில் இன்னும் 'உங்கள் நிறுவனத்தின் பெயர்' என்றே இருக்கிறது. 'எங்கள் அனுபவமிக்க பயிற்றுநர்கள்' என்பதன் கீழே, இடத்தை அடைக்கப் போடும் 'லோரம் இப்சம்' நான்கு வரி. பொய் சொல்லாத ஒரே பகுதி அதுதான் என்பதால் முதலில் கை வைக்க மனம் வரவில்லை.

எனவே பயிற்றுநராக வர இயலாது. தளத்தைச் சரிசெய்து தர மட்டும் தயார். போனிலும் நன்றாகத் தெரியும். விரும்பினால் மார்க்கீக்குப் பதில் அம்புக்குறி, ஸ்கேல் வைத்துப் போட்டுத் தரப்படும்.

கட்டணம் 18,500 ரூபாய். மூன்று தவணை. கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
முன்னாள் மாணவன்.

இணைப்பு: தாங்கள் எனக்குத் தந்த ரசீதின் நகல். (நகல் எடுத்ததற்கு மன்னிக்கவும்.)