மருமகனுக்கு ஒரு காத்து யோசனை

வாரும் மருமவனே, இரியும். உருக்காலை வாசல்ல ‘பசுமை இரும்பு’ன்னு போர்டு மாட்டப் போறீராமே! பழைய இரும்பு ஒரு டன்னு உருக்க 500, 600 யூனிட்டுக் கரண்டு முழுங்குத அடுப்பு உம்மது. அம்புட்டும் ஆரல்வாய்மொழிக் காத்துலதான் எரியுதுன்னு ஆடிட்டர் எழுதிக் குடுத்திட்டாராம். ஆடிட்டர் எழுதினதுக்கு மேல அப்பீலு உண்டா?

சின்னச் சந்தேகம்தான். காத்து வைகாசியில கிளம்பிப் புரட்டாசியில அடங்கிரும். மார்கழி ராத்திரி ரெண்டு மணிக்கு உம்ம அடுப்பு எதைத் திங்கும்?

“பேங்கிங் இருக்கு மாமா”ங்கீரு. இருக்கே! ஆடியில யூனிட்டை மின்வாரியத்துக்கிட்ட போட்டு வச்சிட்டு, அந்தக் கணக்கு வருசத்துக்குள்ள எப்பம் வேணும்னாலும் எடுத்துக்கிடலாம். பழைய காத்தாடிக்காரங்களுக்கு அப்பிடி ஒரு சலுகை. ஆனா நீரு போட்ட யூனிட்டு அன்னைக்கே எவன் தோட்டத்து மோட்டார்லயோ ஓடிப் போச்சே! மார்கழியில உமக்கு வாரது தூத்துக்குடியில நிலக்கரியை எரிச்சு எடுத்ததுல்லா. ஆடியில மோரைக் குடுத்திட்டு மார்கழியில பாலா வாங்குத சாமர்த்தியம் நம்ம குடும்பத்துல வேற யாருக்கு வரும்!

2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டுத் தேவை 20,830 மெகாவாட்டுக்கு ஏறிச்சு. அப்பம் சித்திரை. 10,000 மெகாவாட்டுக்கு மேல காத்தாடி நாட்டி வச்சிருக்கோம், இருந்து என்ன செய்ய? காத்து பஞ்சாங்கம் பாத்துல்லா வரும். இதுல ஓசூரு, தூத்துக்குடின்னு நாளுக்கொரு தொழிற்சாலைக்குப் பூசை போடுதான்.

பகல்ல வெயில் கரண்டு கிடக்கு. உம்ம அடுப்பு நிறுத்தி நிறுத்தி ஓட்டக்கூடியதுதானே, பகலுக்கு மாத்துமேன்னா ஷிப்டு குழம்பிருமுங்கீரு. சூரியன் இறங்கி, வீட்டுக்கு வீடு ஸ்விட்சு போடுத நேரத்துல 25 சதவீதம் கூடுதலாக் கட்டி உருக்குதீரு. கௌரவம்னா சும்மாவா!

கடம்பாறையில மிச்சக் கரண்டை வச்சுத் தண்ணியை மேல ஏத்தி, தேவைக்கு இறக்கி 400 மெகாவாட்டு எடுக்க மிஷினு இருக்கு. குந்தாவுல இன்னொரு 500 கட்டிக்கிட்டு இருக்கான். கட்டிக்கிட்டே இருக்கான். அதுவரைக்கும் ரெண்டு மணி நேரத்துக்காவது பேட்டரி வாங்கி வையும்னா, “விலை இறங்கட்டும் மாமா”ங்கீரு. காரு வாங்கும்போது அந்தப் பொறுமை இல்லையே!

சரி, இன்னொண்ணு சொல்லுதேன். முப்பந்தல்ல நல்லாக் காத்தடிக்க இடமெல்லாம் அந்தக் காலத்து 225 கிலோவாட்டுக் காத்தாடி குத்தவச்சிருக்கு. கழட்டிட்டு 2 மெகாவாட்டு மிஷினு நாட்டினா, ஒண்ணே கிட்டத்தட்ட பழசு ஒம்பதுக்குச் சமம். ஆனா சொந்தக்காரங்க விட மாட்டாங்க. பழசு போனா பழைய பேங்கிங் சலுகையும் போயிருமோன்னு பயம். அதுலயும் ஒருத்தரு, வாசல்ல நின்னு பேசின என்னை உள்ள கூப்பிட்டு ஒரு காப்பி கூடக் குடுக்கல.

யாருன்னா கேக்கீரு? உம்ம அப்பாதான். போயிப் பேசிப் பாரும். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதேயும்.