ஏழு பிராங்க்ளின்களும் என் மூக்கும்

மூக்குக் கண்ணாடி ஒன்றைத்தான் கண் தெரியாமலே வாங்க வேண்டியிருக்கிறது. கடையில் புது பிரேமைப் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் இருக்கிற கண்ணாடியைக் கழற்ற வேண்டும். கழற்றிவிட்டால் நிலைக்கண்ணாடியில் தெரிவது நாமா, பின்னால் நிற்கிற விற்பனைப் பெண்ணா என்று சந்தேகம் வந்துவிடும். "உங்கள் முகத்துக்கு ரொம்ப எடுப்பாக இருக்கிறது" என்பாள். எது எடுப்பு, எது முகம் என்று தெரியாமலே தலையாட்டுவோம். பிரேமின் காதில் தொங்கும் விலைச்சீட்டோ பொடி எழுத்தில் இருக்கும். வாங்க வருகிறவன் யாரென்று தெரிந்துதான் அச்சடித்திருக்கிறார்கள்.

நியூஜெர்சியில் குடியேறி, வீட்டுக் கடன், கார் கடன் எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்த பிறகு வெள்ளெழுத்தும் வந்தது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக விறைத்துப்போகிறதாம். கிட்டத்தில் பார்க்கும்போது சற்று உப்பிக் கொடுக்க வேண்டியது, உப்ப மாட்டேன் என்கிறது. நாற்பதைத் தாண்டிய யாருக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. எனக்கு ஏற்கெனவே தூரத்துக்கு ஒரு கண்ணாடி உண்டு. கிட்டத்துக்கு இன்னொன்று தேவைப்பட்டபோது சிக்கனமாகத்தான் தொடங்கினேன். எல்லாமே ஒரு டாலர் என்று பெயர் வாங்கிய டாலர் ட்ரீ, 2021 கடைசியில் விலையை ஒன்றேகால் டாலராக்கிவிட்டது. நான் அங்கே எடுத்த ரீடிங் கண்ணாடியின் பவரும் 1.25. பவருக்கும் விலைக்கும் இத்தனை நாணயமான பொருத்தத்தை வேறு எந்தக் கடையிலும் கண்டதில்லை. அந்தக் குஷியில் வீட்டின் எல்லா மூலைக்கும் ஒன்று வாங்கிப் போட்டேன். தேடும்போது ஒன்றும் அகப்படாது. "அப்பா, அரிசி டப்பாவுல ஒண்ணு இருக்கு" என்று மகள்தான் துப்புக் கொடுப்பாள். அரிசி டப்பா பக்கமே நான் போவதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இப்படிக் கழற்றி மாட்டியே காலம் தள்ளாதீர்கள், ஒரே கண்ணாடியாக ப்ரோக்ரஸிவ் போட்டுக்கொள்ளுங்கள் என்றார் கண் டாக்டர்.

என் அப்பா போட்டிருந்தது பைஃபோகல். கீழே பிறை வடிவில் ஒரு கோடு இருக்கும். மார்க் ஷீட்டைக் கோட்டுக்குக் கீழே பார்த்துவிட்டு என்னைக் கோட்டுக்கு மேலே பார்ப்பார். அந்த இடைவெளியில் நான் ஓடியிருக்க வேண்டும். இந்த இரட்டைக் கண்ணாடியின் ஆதி பக்தர் பெஞ்சமின் பிராங்க்ளின். பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்தபோது, 1784-லும் 1785-லும் நண்பருக்கு எழுதிய கடிதங்களில் அதன் பெருமையைப் பாடியிருக்கிறார். விருந்து மேஜையில் தட்டும் தெரிகிறது, எதிரே பேசுகிறவர் முகமும் தெரிகிறது, முகம் தெரிவதால் பிரெஞ்சும் கூடுதலாகப் புரிகிறது என்பது அவர் அனுபவம். பிறகு 1959-ல் பிரான்சில் பெர்னார்ட் மெத்தனா என்ற பொறியாளர், கோடே இல்லாமல் மேலிருந்து கீழே பவர் படிப்படியாக ஏறும் வாரிலக்ஸ் என்ற ப்ரோக்ரஸிவ் லென்ஸைக் கொண்டுவந்தார். மேலே தூரம், நடுவே கம்ப்யூட்டர், கீழே புத்தகம். கோடு போனதால் வயதும் தெரியாது.

அப்படித்தான் நானும் நம்பி மாலுக்குப் போனேன். பிரேம், லென்ஸ், பூச்சு, வரி எல்லாம் சேர்த்து எழுநூறு டாலர் என்றார்கள். நூறு டாலர் நோட்டில் இருப்பவர் யார்? அதே பிராங்க்ளின், அதுவும் கண்ணாடி இல்லாமல். ஏழு பிராங்க்ளின்களை மேஜையில் வைத்தால்தான் பிராங்க்ளின் கொண்டாடிய கோட்டை அழித்துத் தருவார்கள். எனக்கு வருமானம் டாலரில், வயிற்றெரிச்சல் ரூபாயில். மனம் தானாகவே எண்பத்தைந்தால் பெருக்கி, ஏறக்குறைய அறுபதாயிரம் என்று விடை சொன்னது. ஊரில் ஒரு மொபெட் வந்துவிடும். மொபெட்டை மூக்கில் மாட்டிக்கொண்டு நடக்க எந்தத் தமிழனுக்கு மனசு வரும்?

"இன்ஷூரன்ஸ் இருக்குமே?" என்பார்கள். இருக்கிறது. ஆனால் இந்த நாட்டு மருத்துவக் காப்பீட்டில் கண்ணும் பல்லும் பெரும்பாலும் உடம்பில் சேர்த்தி இல்லை. கண்ணுக்கென்று தனியாகக் கட்ட வேண்டும். கட்டியிருந்தேன். பிரேமுக்கு இவ்வளவு, லென்ஸுக்கு இவ்வளவு என்று கழித்த பிறகுதான் அந்த எழுநூறு. காரணம் தேடிப் படித்தபோது கொஞ்சம் தெளிந்தது. ரே-பேன் பிரேம் லக்ஸாட்டிகாவுடையது. லென்ஸ்கிராஃப்டர்ஸ் கடைகள் லக்ஸாட்டிகாவுடையவை. ஐமெட் கண் காப்பீடும் அவர்களுடையதே. வாரிலக்ஸ் லென்ஸ் எஸ்ஸிலாருடையது. 2018-ல் எஸ்ஸிலாரும் லக்ஸாட்டிகாவும் ஒன்றாகிவிட்டன. மாப்பிள்ளை வீடு, பெண் வீடு, தரகர், சமையல்காரர் எல்லாரும் ஒரே தாத்தாவின் பேரன்களாக இருக்கும் கல்யாணத்தில் மொய் எழுதப் போனவன் நிலைதான் வாங்குகிறவனுக்கு.

நீல ஒளியைத் தடுக்கும் பூச்சுக்குத் தனியாக அறுபது டாலர் கேட்டார்கள். அது கம்ப்யூட்டரால் வரும் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று 2023-ல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்லிவிட்டதே என்று நின்று விளக்கினேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் கீறல் தடுப்பு?" என்றாள்.

அன்றைக்கே முடிவு செய்தேன், கண்ணாடியை இணையத்தில் வாங்குவது என்று. சட்டம் என் பக்கம் இருந்தது. பரிசோதனை முடிந்ததும், கேட்காமலே, காசு வாங்காமலே கண் சீட்டைக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று 1978-லேயே மத்திய வர்த்தக ஆணையம் விதி போட்டிருக்கிறது. ஆனால் அந்த விதியில் ஒரு எண் கட்டாயமில்லை. அதுதான் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரம், பி.டி. என்பது. அது இல்லாமல் கண்ணாடி செய்ய முடியாது. அதுவரை இனிக்க இனிக்கப் பேசியவர்களிடம் "பி.டி. எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள், அவர்கள் வீட்டுச் சாவியைக் கேட்ட மாதிரி முகம் மாறும்.

சரி, வீட்டில் அளந்துகொள்ளலாம் என்று மகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து மனைவி கையில் கொடுத்தேன். அளக்கிறவர் ஒரு கண்ணை மூடி என் வலது கண்மணியில் பூஜ்யத்தை வைக்க வேண்டும், பிறகு மறு கண்ணை மூடி இடது கண்மணியில் எண்ணைப் பார்க்க வேண்டும். அவளுக்கு ஒரு கண்ணை மட்டும் மூட வராது. மூடினால் இரண்டும் மூடிக்கொள்ளும். மகள் பின்னால் நின்று மாற்றி மாற்றி அம்மாவின் கண்ணைப் பொத்தினாள்.

"ஏங்க, சிரிக்காதீங்க. பாப்பா ஆடுது."

"நீ சீக்கிரம் பாரு."

"அம்பத்தெட்டு. இல்ல, அறுபத்தி நாலு. இருங்க, கோடே தெரியல."

சராசரி எடுத்துவிடலாம் என்று சொன்னேன். பொறியியல் படித்தவன் அல்லவா. கல்யாணத்துக்குப் பிறகு அவள் என் கண்ணை இவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான், அதுவும் ஸ்கேலோடு.

இணையக் கடையில் அதற்கும் வழி வைத்திருந்தார்கள். கிரெடிட் கார்டை நெற்றியில் வைத்துக்கொண்டு கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். உலகத்தில் எல்லா வங்கி அட்டையும் 85.6 மில்லிமீட்டர் அகலம் என்பதால் அதை அளவுகோலாக வைத்து மீதியைக் கணக்கிட்டுக்கொள்ளுமாம். விபூதி இடுகிற இடத்தில் கிரெடிட் கார்டை ஒட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். எதிர் வீட்டுக்காரர் நாயோடு போனவர் கையசைத்தார். இரண்டு கையும் நெற்றியில் இருந்ததால் நான் அசைக்கவில்லை.

வந்த கண்ணாடி நூறு டாலருக்கும் கீழே. தூரம் நன்றாகவே தெரிந்தது. படிப்பதற்கு மட்டும் மோவாயைத் தூக்க வேண்டியிருந்தது. ப்ரோக்ரஸிவில் தூரத்திலிருந்து கிட்டத்துக்கு இறங்கும் வழி சில மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு சந்து. இரண்டு பக்கமும் மங்கல். எவ்வளவு பணம் கொட்டினாலும் அந்த மங்கலை ஒழிக்க முடியாது, அது கணக்கின் விதி. விலை ஏற ஏற அதை எங்கே தள்ளி வைப்பது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம். ஆகவே கண்மணி பிரேமில் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதும் தெரிய வேண்டும். அதை அந்தக் கடை என்னிடம் கேட்கவே இல்லை, எல்லாருக்கும் பொதுவாக ஒரு உயரத்தில் வைத்துவிட்டது. அலுவலகக் கூட்டங்களில் நான் தலையை அண்ணாந்து லேப்டாப்பைப் பார்ப்பதைக் கண்டு, சம்பள உயர்வு கேட்கப்போகிறேன் என்று மேலாளர் நினைத்திருக்கிறார். அமெரிக்காவில் தலைநிமிர்ந்து வாழ்ந்த காலம் அது. படி இறங்கும்போது காலடியைப் பார்த்தால் புத்தகத்துக்கான பாகம் குறுக்கே வரும். துணிக்கூடையோடு பேஸ்மெண்டுக்கு இறங்கும்போது படிகள் மிதக்கும்.

இந்த இடத்தில் வேறொருவர் என்றால் கடையைத் திட்டிவிட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார். நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். ப்ரோக்ரஸிவ் லென்ஸ் ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகள், 34 மில்லிமீட்டர் இடைவெளியில் செதுக்கியிருக்கும். வாயால் ஊதினால் ஆவியில் ஒரு கணம் தெரியும். காதுப்பக்கக் குறிக்குக் கீழே கூடுதல் பவரும் இருக்கும். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஊதி ஊதிப் புள்ளி வைத்தேன். வெளியே, "உள்ள என்னங்க பண்றீங்க, மூச்சு வாங்குது?" என்று குரல் கேட்டது. மையம் என் கண்மணிக்குக் கீழே இறங்கியிருந்தது. மூக்குத் தாங்கிகளைக் குறடால் நெருக்கினால் பிரேம் மேலே ஏறும். நெருக்கினேன், ஏறியது. மோவாயும் பாதி இறங்கியது. மூக்கின் இருபுறமும் இரண்டு சிவப்புத் தழும்புகள் நிலைத்தன.

அந்தக் கோடையில் திருச்சி போனபோது மச்சினன் என்னைச் சின்னக்கடை வீதிப் பக்கம் ஒரு கடைக்கு அழைத்துப்போனான். பெரியவர் ஒருவர். மெஷின் எதுவும் இல்லை. ஸ்டூலை இழுத்து என் கண்ணுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"சார், தலையைத் தூக்காதீங்க. வீட்ல எப்படி இருப்பீங்களோ அப்படி இருங்க."

சற்றே குனிந்தேன்.

பேனாவால் பிரேமின் டம்மி லென்ஸில் இரண்டு புள்ளி வைத்தார், அவ்வளவுதான். "படுத்துக்கிட்டுப் படிப்பீங்களா?" என்றும் கேட்டார். படுத்தால் புத்தகம் கண்ணுக்கு நேரே வந்துவிடும், லென்ஸின் அடிப்பாகம் உதவாது, அதற்குத் தனியாக ரீடிங் கண்ணாடியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எழுநூறு டாலர் கடையில் யாரும் கேட்காத கேள்வி. ப்ரோக்ரஸிவில் காசு பெறும் விஷயம் இந்த அளவெடுப்புதான். பிரேமின் காதில் எழுதியிருக்கும் பெயருக்கும், பூச்சுக்குமேல் பூச்சுக்கும் கொடுக்கிற பணத்தை இவரைப்போல ஒருவர் கையில் கொடுக்கலாம் என்று இன்றைக்கும் சொல்வேன். பிரேமோடு சேர்த்து எட்டாயிரம் ரூபாய். நான் மனசுக்குள் எண்பத்தைந்தால் வகுத்து மகிழ்ந்துகொண்டிருந்தபோது மச்சினன் கேட்டான்: "அத்தான், ஃப்ளைட் டிக்கெட்டை இதுல சேர்த்தீங்களா, இல்லையா?"

லென்ஸ் வெளியூர் லேபிலிருந்து வருவதற்குள் நான் விமானம் ஏறிவிட்டேன். பிறகு நியூஜெர்சி எடிசனுக்கு வரும் ஒரு தெரிந்தவர் பெட்டியில், முறுக்குப் பொட்டலங்களுக்கு நடுவே கண்ணாடி வந்தது. முறுக்கு ஒன்றுகூட உடையவில்லை. கண்ணாடியின் ஒரு காது மட்டும் வளைந்திருந்தது. இங்கே ஒரு கடையில் நிமிர்த்தித் தரக் கேட்டேன். செய்கிறோம், உடைந்தால் பொறுப்பில்லை என்றார்கள். வீட்டில்தான் குறடு இருக்கிறதே என்று திரும்பிவிட்டேன்.

அதே வாரம் காஸ்ட்கோவுக்கு அரிசி வாங்கப் போன மனைவி, மூட்டையைத் தள்ளுவண்டியில் நிறுத்திவிட்டுப் பக்கத்துக் கண்ணாடிப் பிரிவில் போய் உட்கார்ந்திருக்கிறாள். கண் சீட்டை எப்போது வாங்கி வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. அங்கே ஒருவர் எதிரே உட்கார்ந்து, கண்மணி தூரம், உயரம் எல்லாம் அளந்து எழுதிக்கொண்டாராம். மாலில் எனக்குச் சொன்ன விலையில் பாதிகூட ஆகவில்லை. சில நாளில் வந்த கண்ணாடியோடு அன்று சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்தாள். மோவாய் தூக்கவில்லை, தலை சாய்க்கவில்லை. டாலர் ட்ரீ கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் கைப்பையிலிருந்து எடுத்து, "இந்தாங்க, இனிமே எனக்கு வேண்டாம்" என்று டீப்பாயில் வைத்தாள்.

பிறகு முதல் காரியமாகக் கிரெடிட் கார்டு பில்லைக் கையில் எடுத்து, மேலிருந்து நிதானமாக வாசிக்க ஆரம்பித்தாள்.

"ஏங்க, இது என்னது, கண்ணாடி ரிப்பேர் குறடு? நம்மகிட்டதான் குறடு இருக்கே?"

"அது சாதாரணக் குறடு. இது மூக்குத் தாங்கிக்குன்னே தனியா..."

"பி.டி. ஸ்கேல்னு ஒண்ணு. லென்ஸ்ல எழுதுற பேனா, நாலு கலர். குறி பார்க்கிற லைட்..." பக்கத்தைத் திருப்பினாள். "இருங்க, கூட்டிப் பார்க்கிறேன்."