லெட்சுமிக்குக் கொம்பு முளைத்த வரலாறு: ஒரு முன்னோடி ஆய்வு

திருவனந்தபுரத்தில் கல்யாணப் பத்திரிகைகளைப் புரட்டுகிறவர்களுக்கு ஒன்று தெரியும். இந்த ஊரில் லக்ஷ்மியைக் காண்பது அரிது. பார்க்கும் இடமெல்லாம் லெக்ஷ்மிதான். ஆங்கிலத்தில் எழுதினாலும் 'எல்'லுக்கு அடுத்து 'ஏ' போட மாட்டார்கள், 'ஈ' போடுவார்கள். தமிழில் எழுதினால் ஒற்றைக்கொம்பு. இந்தக் கொம்பைப் பற்றி யாரும் கவலைப்படாமல் நிம்மதியாக இருப்பதே இவ்வாய்வின் தேவையாகும்.

ஆய்வுக்களம்: என் தங்கை மகளுக்குப் பிறந்த பெண் குழந்தை. ஆய்வு முறை: தொட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்தல்.

கிறிஸ்தவப் பெயர்களை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன், அது கடல். ஜார்ஜ் ஒருவரே இங்கே கீவர்கீஸ், வர்கீஸ், வர்க்கி, வறீது எனப் பல்கிப் பெருகியிருக்கிறார். உம்மன் என்றால் தோமா, சாண்டி என்றால் அலெக்சாண்டர். இருமுறை முதலமைச்சராக இருந்த உம்மன் சாண்டியைத் 'தாமஸ் அலெக்சாண்டர்' என்று சொல்லிப் பாருங்கள், பழைய பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஒருவர் குதிரையில் வந்து இறங்குவார். தமிழ்நாட்டிலோ யோசேப்பு சூசை, பேதுரு ராயப்பர், பவுல் சின்னப்பர்.

ஜிஜோ, லிஜோ, ஷிஜோ வகை: மேலாய்வுக்குரியது.

பத்மநாபன் பேச்சில் பப்பநாவன், செல்லத்தில் பப்பு. கிருஷ்ணன் கிட்டன். நாராயணன் நாணு, 1856-இல் செம்பழந்தியில் பிறந்த நாராயண குருவையே வீட்டில் அப்படித்தான் அழைத்தார்கள்.

இனிக் கொம்பு. வடமொழியிலிருந்து வந்த சொல் க, ஜ, த, ப ஆகியவற்றின் மெல்லொலியிலோ ய, ர, ல-விலோ தொடங்கினால், பின்வரும் அகரம் மக்கள் வாயில் எகரமாகச் சாய்கிறது. கங்கை கெங்கை, தண்டம் தெண்டம், பலம் பெலம், ரத்தம் ரெத்தம். மலையாளத்தில் ரெகு, ரெஞ்சித். லெட்சுமியைக் 'கொச்சை' என்று திருத்தும் புலவர், 'ஜயம்' என்பதை ஜெயம் என்றே எழுதிவிட்டுத்தான் திருத்த உட்காருகிறார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது (காண்க: என் பெரியம்மா, திண்ணை, மாலை ஐந்து மணி).

1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டத்தை இன்றைய தமிழ்நாட்டோடு சேர்த்தபோது எல்லை வகுத்தவர்கள் கொம்பைக் கவனிக்கவில்லை. எல்லையூர் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் லெட்சுமி, இந்தப் பக்கம் லெக்ஷ்மி. கப்பலேறி மலேசியா போன லெட்சுமியும் அங்கே ஆங்கில எழுத்தில் அந்த 'ஈ'யை விடவில்லை. இலக்கணம் மட்டும், சொல்லின் முதலில் லகரம் வராது என்று கூறி, முன்னால் ஓர் இகரத்தைக் காவல் நிறுத்தி இலக்குமி என்றது (பெரியம்மா, 'அடுக்களைப் பேருரைகள்', மூன்றாம் தோசை).

கொம்பு என்றதும் வீரமாமுனிவரை வணங்க வேண்டும். எகரத்துக்கு ஒற்றைக்கொம்பு, ஏகாரத்துக்குச் சுழித்த கொம்பு என்று பிரித்துக் கொடுத்தவர் அவர். இத்தாலியில் கொன்ஸ்தான்சோ, இங்கே முதலில் தைரியநாதர், பிறகு வீரமாமுனிவர். 'தேம்பாவணி'யில் சூசையப்பரை வளன் ஆக்கினார். தொட்டிலருகே உட்கார வைக்க அவரைவிடத் தகுதியானவர் யார்? (பெரியம்மா, மேலது, ஐந்தாம் தோசை, மறுப்பு: சித்தி, 'பின்வாசல் உரைகள்', தொகுதி இரண்டு, கல்லில் ஒட்டிக்கொண்ட பதிப்பு, ஓரங்கள் கருகியவை.)

அப்படியானால் மூலப்பெயர் எது? அறிஞர்களிடம் கேட்டேன். மூலம் எந்த மொழி என்பது, கேட்கப்படுகிறவர் எந்த மொழித்துறையில் 'பத்மநாபனின் நாலு சக்கரம்' வாங்குகிறார் என்பதைப் பொறுத்தது எனக் கண்டேன். அரசுச் சம்பளத்துக்கு இந்த ஊரில் அதுதான் பழைய பெயர்.

வீட்டில் நிலைமை வேறு. "மாமா, நடுவில் எக்ஸ் எழுத்துப் போட்டு லக்ஸ்மின்னு வைப்போம், ஸ்டைலா இருக்கும்" என்றார் குழந்தையின் தகப்பனார். "அவன் ஏட்டுல என்னத்தையும் எழுதிக்கட்டும். நான் லெச்சுமின்னுதான் விளிப்பேன்" என்றாள் பெரியம்மா.

பிறப்பைப் பதிய 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 21 நாள் கெடு. இங்கே பெயரிடுவதோ இருபத்தெட்டாம் நாள் சடங்கான 'இருபத்தெட்டு கெட்டு' அன்று. இடைப்பட்ட ஏழு நாளும் குழந்தை அரசாங்கத்துக்குத் தெரிந்த, ஆனால் பெயர் தெரியாத குடிமகள். 28-ஆம் நாள் காலை, கள ஆய்வாளனாகக் குறிப்பேட்டுடன் முன்வரிசையில் நின்றேன். தகப்பனார் ஒரு காதை வெற்றிலையால் மூடி, மறு காதில் மூன்று முறை ஓதினார். அகரமா எகரமா என்பது எனக்குக் கேட்கவில்லை. கேட்ட ஒரே ஆள் வீறிட்டு அழுதது. பேட்டி தர மறுத்துவிட்டது.

சான்றிதழில் பெயர்க் கட்டம் இன்னும் காலி. ஓராண்டுக்குள் எழுதினால் கட்டணம் கிடையாது.