பேசின் பிரிட்ஜ் வழியாக ஒரு குவெரி

செவ்வாப்பேட்டையும் கும்மிடிப்பூண்டியும் ஒரே திருவள்ளூர் மாவட்டம்தான். ஆனால் மின்சார ரயிலில் போவதென்றால் ஆவடி, அம்பத்தூர் எல்லாம் தாண்டி பேசின் பிரிட்ஜில் இறங்கி, வேறு வண்டி பிடித்து மறுபடி வடக்கே ஏறவேண்டும். இதற்காக ரயிலோட்டியை யாரும் மடையன் என்பதில்லை, தண்டவாளம் அப்படி. டேட்டாபேஸில் வழி தேர்ந்தெடுக்கும் குவெரி பிளானர் இப்படிச் சுற்றிப்போனால் மட்டும் அதன் ஏழு தலைமுறையையும் இழுத்துவைத்துத் திட்டுகிறோம். இந்த வழக்கில் நான் பிளானர் கட்சி.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் ஆலை என்று வைத்துக்கொள்வோம். கேட் பதிவு ஒரு டேபிள், ஷிஃப்ட் பதிவு இன்னொன்று; இரண்டும் மாதவாரியாகப் பன்னிரண்டு பார்ட்டிஷன். ஜனவரியை ஜனவரியோடு சேர்த்தால் போதும் என்பது கேட் வாட்ச்மேனுக்கே தெரியும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் அதை 2018-இல், 11-ஆம் பதிப்பில்தான் கற்றது. கற்ற பிறகும் அதற்கான ஸ்விட்சை அணைத்தேதான் தருகிறார்கள். போடாவிட்டால் பன்னிரண்டு மாதத்தையும் ஒரே குவியலாக்கி அதன்பிறகே ஜாயின்: எல்லாரும் பேசின் பிரிட்ஜுக்கு வாருங்கள் என்ற கதை. ஸ்விட்சை அணைத்துத் தருவது கஞ்சத்தனம் இல்லை. பன்னிரண்டு ஜோடி என்றால் ஒவ்வொன்றும் தனக்கென்று மெமரி கேட்கும், யோசிக்கவும் நேரம் கூடும். சரி, ஸ்விட்சைப் போட்டாயிற்று, அப்போதும் சேரவில்லையே என்பார்கள். போய்ப் பார்த்தால் ஒரு டேபிளில் தேதி 'டேட்', மற்றதில் 'டைம்ஸ்டாம்ப்'. இரண்டும் தேதிதானே என்று நாம் சமாதானம் சொல்லலாம். பிளானர் கறாரான ஜோசியர், டைப் பொருந்தாவிட்டால் கல்யாணம் கிடையாது. சிலர் ஊழியர் எண்ணை மட்டும் வைத்து ஜாயின் எழுதிவிட்டு, தேதி நிபந்தனையையே விட்டிருப்பார்கள். ஜாதகத்தையே கொடுக்காமல் பொருத்தம் கேட்கிற கூட்டம் அது.

இதைவிடப் பெரிய வம்பு, எத்தனை ரோ தேறும் என்கிற தலைக்கணக்கு. 'ஊர் செவ்வாப்பேட்டை, மாவட்டம் திருவள்ளூர்' என்று தேடுங்கள். ஊரைச் சொன்னாலே மாவட்டம் அடங்கிவிட்டது என்று நமக்குத் தெரியும். பிளானரோ இரண்டும் சம்பந்தமில்லாத செய்திகள் என்று நம்பி ஒன்றோடொன்று பெருக்கிக் குறைத்துக்கொண்டே போய், திட்டத்தைக் காட்டும் எக்ஸ்பிளெய்னில் 'ரோஸ்=1' என்று எழுதும். ஒருத்தர்தானே வருகிறார் என்று, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சமைக்கிற நெஸ்டட் லூப் அடுப்பைப் பற்றவைக்கும். வந்து நிற்பது நாலாயிரம் பேர். சமையல்காரரைக் குறைசொல்லி என்ன பயன்? இரண்டு பத்திகளும் உறவுக்காரர்கள் என்று 'கிரியேட் ஸ்டாடிஸ்டிக்ஸ்' போட்டு யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும். பார்ட்டிஷன் டேபிளில் இன்னொரு கூத்தும் உண்டு: பிள்ளை டேபிள்களின் கணக்கை ஆட்டோவேக்யூம் தானாகவே எடுக்கும், தாய் டேபிள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்தக் கணக்கை எடுக்கும் 'அனலைஸ்' நம் கைவேலை. விவரமே இல்லாதபோது பிளானர் குத்துமதிப்பில் இறங்குவது பரம்பரை வழக்கம். 1979-இல் ஐபிஎம்மின் பாட்ரிசியா செலிஞ்சர் குழு எழுதிய கட்டுரையிலேயே, இன்டெக்ஸ் இல்லாத பத்தியில் சமன் நிபந்தனை வந்தால் பத்தில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது.

இவ்வளவு எதற்கு, இந்த வழியாகப் போ என்று ஹின்ட் கொடுத்தால் தீர்ந்தது என்பார்கள் ஆரக்கிள்காரர்கள். இன்றைய டேட்டாவுக்குத் தீரும்; நாளை டேட்டா மாறினால்? பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் நவீன் ரெட்டியும் ஜெயந்த் ஹரித்சாவும் 2005-இல், எத்தனை ரோ தேறும் என்பது மாற மாற எந்தெந்தத் திட்டம் வெல்கிறது என்று ஒரு கருவியால் வண்ணம் தீட்டிப் பார்த்தார்கள். படம் கன்னாபின்னாவென்று துண்டுதுண்டாக வந்ததில் அந்தக் கருவியின் பெயரே பிக்காசோ. ஹின்ட் என்பது அந்த ஓவியத்தில் ஒரு துண்டின் மேல் ஆணியடிப்பது. பிளானரிடம் பிழையே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. மதிப்பீடும் நிஜக் கணக்கும் ஒத்திருந்தும் திட்டம் கோணலாக வந்தால் தாராளமாகத் திட்டுங்கள். கணக்கே பிசகியிருந்தால், எக்ஸ்பிளெய்ன் அனலைஸைக் கீழிருந்து மேலாகப் படித்து, இரண்டு எண்களும் முதன்முதலில் பிரிகிற வரியில் விரலை வையுங்கள். அதை விட்டு நெஸ்டட் லூப்பையே அணைத்துவைக்கிற வீரர்களும் உண்டு. போஸ்ட்கிரெஸின் 17-ஆம் பதிப்பு வரை, அணைப்பது என்றால் அந்த வழிக்குச் செலவுக்கணக்கில் ஆயிரம் கோடி அபராதம் கூட்டுவது, அவ்வளவுதான். வேறு பாதை இல்லையென்றால் பிளானர் முகம் சுளிக்காமல் ஆயிரம் கோடியையும் கட்டிவிட்டு அதே பேசின் பிரிட்ஜில் போய் இறங்கும்.